இலைப் பாத்தியில் நேரடி விதைப்பு: விதை எங்கே தவறுகிறது?

சருகு அடுக்கிய பாத்தியில் முளைப்பு சரியில்லை என்றால் உடனே விதைக்காரரைத் திட்ட வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்குச் சருகு, பச்சைத் தழை, சாணக் கரைசல், மண் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்போம். உள்ளே கைவிட்டால் சொதசொதவென்று ஈரம் இருக்கும், மேலே ஓரங்குலம் மட்டும் பொரிந்து கிடக்கும். மண்ணில் அடி ஈரம் தானாக மேலேறும். சருகுக்கு நடுவே காற்று நிற்பதால் அந்த ஏற்றம் பாதியில் அறுந்துவிடும். விதை கிடப்பதோ அந்தக் காய்ந்த ஓரங்குலத்தில்.

ஆகவே விதை மண்ணில் உட்கார வேண்டும். பாத்தி முழுக்க மண் பரப்ப வசதி இல்லையென்றால் விதைக்கும் சாலில், அதாவது நீளப் பள்ளத்தில், மட்டும் போட்டால் போதும். 4 அங்குல அகலம், 3 அங்குல ஆழத்துக்குச் சருகை விலக்குங்கள். சலித்த மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்பி உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். 10 அடிச் சாலுக்கு 15 லிட்டர் வாளியில் ஒன்றரை வாளி பிடிக்கும். அழுத்தாமல் விட்டால் முதல் தண்ணீரிலேயே மண் இடுக்குகளில் இறங்கிவிடும், கூடவே கீரை விதையும்.

*

வெண்டை, கொத்தவரை, அவரை, கீரைக்கு இந்தச் சால் சரி. முள்ளங்கிக்கு 3 அங்குலம் பத்தாது. மக்காத சருகில் முட்டியதும் கிழங்கு கவட்டையாகப் பிரியும், இல்லையேல் பக்கவாட்டில் வளையும். முள்ளங்கியை, சருகு கறுத்து உதிரியான பிறகு வரும் அடுத்த விதைப்புப் பட்டத்துக்குத் தள்ளி வையுங்கள்.

எந்த இலை என்பதையும் பாருங்கள். தேக்கு, பலா, பாதாம் இலைகளை முழுசாகப் போட்டால் நனைந்த புத்தகத் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு தண்ணீரை ஓரமாக வழியவிட்டுவிடும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள். புளி, வாகை, கிளைரிசிடியா (தழைக்காக வளர்க்கும் மரம்) இலைகளில் இந்தத் தொல்லை இல்லை. தைலமரச் சருகு வேண்டவே வேண்டாம், முளைப்பையே அடக்கும்.

*

பாத்திக்குள் எழும் சூட்டையும் பார்க்க வேண்டும். தழையும் சாணமும் தாராளமாகப் போட்ட பாத்தி முதல் இரண்டு மூன்று வாரம் கொதிக்கும். இரும்புக் கம்பியை நடுவில் செருகி, 10 நிமிடம் கழித்து உருவிப் பிடியுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் விதைக்காதீர்கள். ஆடிப்பட்டத்துக்கு ஆனி பிறந்ததுமே நிரப்பிவிட்டால் சூடும் தணியும், பாத்தியும் பாதிக்குப் பாதி அமுங்கிவிடும். அமுங்குமுன் விதைத்தால் செடி சாய்ந்து வேர் வெளியே தெரியும்.

*

முளைத்த பிறகு வரும் வெளுப்புக்கு என்ன வழி என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டு மூன்று இலை விட்டதும் வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று கொள்ளலாம். சருகை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் எடுத்துக்கொள்கின்றன, செடிக்கு மிச்சம்தான். கோமியம் 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு, இளஞ்செடி என்றால் 20 பங்கு கலந்து வாரம் ஒருமுறை வேரோரம் ஊற்றலாம். அடுக்கும்போதே 3 கூடைச் சருகுக்கு 1 கூடைப் பச்சைத் தழை சேர்த்திருந்தால் இவ்வளவு வெளிறாது.

கீரை விதையை எறும்பு இழுத்துப் போகும். 1 பங்கு விதைக்கு 10 பங்கு மணல் கலந்து தூவி, மேலே மண்ணை மெல்லிசாக மூடி, பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசிக் குருணை இறைத்து வையுங்கள், எறும்பு அங்கே போகும். தென்னை பக்கத்தில் இருந்தால் பாத்தியைக் கிளறும்போதெல்லாம் வெள்ளையாக, கொழுத்து, சுருண்டு கிடக்கும் புழுவைத் தேடுங்கள். அது தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு; அந்த வண்டு முட்டையிட மக்கும் குப்பையைத்தான் தேடி வரும்.

*

ஒன்று விட்டுப்போச்சு. விதைத்த கையோடு சால் மேல் சருகு மூடாக்கு போடாதீர்கள், அடியில் நத்தையும் மரவட்டையும் தங்கி முளையைக் கத்தரித்துவிடும். ஈரச் சாக்கு விரித்து, வெண்டை என்றால் நான்காம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிடணும். செடி 4 அங்குலம் வந்ததும் இருபக்கச் சருகை அணைத்துவிடலாம், தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு.