மாங்கனீஸ் வினையூக்கி கந்தகம் பட்டதும் படுத்துவிடுகிறது, மீட்க வழி உண்டா?

கேள்வி:
டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) மேல் மாங்கனீஸ் ஆக்சைடு ஏற்றி, புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடை அம்மோனியாவால் நைட்ரஜனாக மாற்றிப் பார்க்கிறேன். 150 டிகிரி செல்சியஸில் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றம் கிடைத்தது, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) சல்பர் டை ஆக்சைடு கலந்தேன். சில மணி நேரத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தக் கந்தக வாயுவை நிறுத்தியும் கொஞ்சம்தான் எழுந்தது. ஆறு மாத உழைப்பு. எங்கே தவறினேன்?

பதில் 1:
நீங்கள் தவறவில்லை, மாங்கனீஸின் குணமே அது. இரண்டு கேடுகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, அம்மோனியாவும் கந்தக வாயுவும் சேர்ந்து உண்டாகும் அம்மோனியம் பைசல்பேட் வினையூக்கியின் துளைகளை அடைப்பது. 147 டிகிரியில் உருகும் உப்பு, உங்கள் வெப்பநிலையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, மாங்கனீஸே சல்பேட்டாக மாறிவிடுவது. முதலாவதைச் சூடேற்றி விரட்டலாம். இரண்டாவது 700 டிகிரி தாண்டினாலும் எளிதில் சிதையாது, அதற்குள் டைட்டானியாவின் பரப்பும் சுருங்கிவிடும். 400 டிகிரியில் காற்றில் சூடேற்றிப் பாருங்கள். எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவு அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
நீரில் கழுவச் சொல்வார்கள், கவனம். மாங்கனீஸ் சல்பேட் நன்றாகக் கரையும், உங்கள் மாங்கனீஸும் கூடவே போய்விடும்.

கேட்டவர்:
சரி, சூடேற்றினேன். பாதிதான் மீண்டது. மீதி சல்பேட் ஆகிவிட்டது போல.

பதில் 1:
அப்படியானால் அடுத்த முறை வினையூக்கியில் செரியம் என்ற உலோகத்தையும் சேருங்கள். கந்தகத்தை முதலில் அது வாங்கிக்கொள்ளும், மாங்கனீஸ் கொஞ்ச காலம் தப்பிக்கும். நீராவியையும் சேர்த்தே சோதியுங்கள், உலர் வாயுவில் வரும் எண்களை நான் நம்புவதில்லை.