கீ என்றால் எல்லா இடத்திலும் திறவுகோலா?

வணக்கம்.

கணினிப் பாடங்களில் வரும் 'கீ' (key) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சில், மறையாக்கப் பாடத்தில் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) வரும் பப்ளிக் கீக்குப் 'பொதுத் திறவுகோல்' போதும் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. அந்தக் கீ செய்தியைத் திறப்பதில்லை, பூட்டுகிறது.

1977-இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையையே பாருங்கள். என் பப்ளிக் கீயை ஊரறியக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ரகசியமாக எழுத நினைப்பவர் அதைக் கொண்டு செய்தியைப் பூட்டி அனுப்புவார். பூட்டிய பிறகு அவராலேயே அதைத் திறக்க முடியாது. அதற்கு என்னிடம் மட்டும் இருக்கும் இன்னொரு கீ, பிரைவேட் கீ, வேண்டும். இதற்குப் போய்ப் பொதுத் திறவுகோல் என்று பெயர் வைத்தால், "அப்போ யார் வேண்டுமானாலும் திறக்கலாமா சார்?" என்று முதல் வகுப்பிலேயே கேட்பார்கள். மின்கையொப்பத்தில் இன்னும் வம்பு. அங்கே பிரைவேட் கீயால் ஒப்பமிடுகிறோம், பப்ளிக் கீயால் சரிபார்க்கிறோம். பூட்டுவது, திறப்பது என்ற பேச்சே இல்லை.

வீட்டைப் பூட்டுவதும் திறவுகோலால்தானே என்பீர்கள். சரிதான், ஆனால் அது இரண்டு வேலையும் செய்யும்; பப்ளிக் கீ தான் பூட்டியதைத் திறக்காது. அதனால் நான் 'சாவி' என்கிறேன்: பொதுச் சாவி, தனிச் சாவி. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல் என்பது தெரியும். ஜன்னலும் அலமாரியும் அந்தக் கப்பலில் வந்தவைதானே! தமிழ்க் காதுக்கு அதில் 'திற' என்ற வேர் கேட்காது என்பதே இங்கே வசதி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டுச் சாவியைத் திறப்பு என்பார்கள். அழகான சொல், ஆனால் தமிழ்நாட்டில் திறப்பு என்றதும் அமைச்சரும் ரிப்பனும் வந்து நிற்பார்கள்.

விசைப்பலகையின் விசையில் கை வைக்க வேண்டாம், அது நிலைத்துவிட்டது. இயற்பியலிலும் விசை இருக்கிறதே என்று இதுவரை யாரும் குழம்பவில்லை.

தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளத்தின் பிரைமரி கீதான் வேறு சாதி. அது எதையும் பூட்டாது, திறக்காது; ஒரு வரிசையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும். வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் பதிவெண் பார்த்துத்தானே மதிப்பெண் போடுகிறோம்? அந்தப் பதிவெண்தான் மாணவர் அட்டவணைக்குப் பிரைமரி கீ. அதே எண் மதிப்பெண் அட்டவணையில் போய் உட்கார்ந்து, இது எந்தச் செல்வியுடையது என்று காட்டினால் ஃபாரின் கீ. இதை 'வெளிநாட்டுச் சாவி' என்று பெயர்ப்பது கொடுமை. முதன்மைக்குறி, அயற்குறி என்று வைக்கலாம். அட்டவணையின் இரண்டு மூன்று புலங்கள் (பத்திகள்) சேர்ந்து ஒரே குறியாக வந்தால் கூட்டுக்குறி. குறி சொல்பவர் நினைவுக்கு வருகிறாரே என்று சிரிப்பவர்கள் வேறு சொல் தாருங்கள், ஏற்கிறேன்.

அப்புறம், ஒரு மென்பொருள் இன்னொன்றின் சேவையைப் பெறக் காட்டும் ரகசியக் குறியீடான ஏபிஐ கீ. அது கதவையும் திறக்கிறது, வந்தவர் யார் என்றும் காட்டுகிறது. சாவியா, குறியா? இப்போதைக்கு நான் சாவிப் பக்கம்.