டேவிட் டிரிம்பிள் (வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் முன்னாள் தலைவர்): அவர் விஷயத்தில் உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?

போர்ட்டடவுன் நர்ஸ்:
2022 ஜூலை, டிரிம்பிள் இறந்த செய்தி வார்டு டிவியில் ஓடுகிறது. என் பேஷன்ட் எண்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். "சத்தத்தைக் குறைம்மா, படம் ஓடட்டும்" என்றார். 1990 இடைத்தேர்தலிலிருந்து டிரிம்பிளுக்கே ஓட்டுப் போட்டவராம். 2005-ல் மட்டும், 1998 சமாதான ஒப்பந்தத்தை எதிர்த்த பெய்ஸ்லி கட்சிக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். காரணம் தம்பி. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் குண்டில் செத்தவர். டிரிம்பிள் ஒப்புக்கொண்ட அந்த 1998 ஒப்பந்தப்படி கைதிகளை இரண்டு வருஷத்துக்குள் வெளியே விட்டார்களே, அதில் அந்த வழக்கில் உள்ளே இருந்தவனும் வந்துவிட்டான். திரையில் கத்தோலிக்கர் பக்கத் தலைவர் ஹியூமும் டிரிம்பிளும் நோபல் பரிசோடு நிற்கும் படம் வந்தது. கை நடுங்கியதில் பிரஷர் பதியவே இல்லை. "இருந்தாலும் அந்த மனுஷன் செஞ்சது சரிதான்" என்றார். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பெல்பாஸ்ட்வாசி:
சரி அக்கா, ஆனால் இது பாதிக் கதை. போர்ட்டடவுனில் கத்தோலிக்கர்கள் வாழும் கார்வாகி ரோட்டுக்காரர்களையும் கேளுங்கள். என்னோடு வேலை பார்ப்பவர் அங்கே வளர்ந்த கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட்களின் ஆரஞ்ச் சங்கம் நடத்திய 1995 டிரம்கிரி ஊர்வலம் அவர்கள் தெருவைத் தாண்டியதும் பெய்ஸ்லியும் டிரிம்பிளும் கைகோத்து உயர்த்திக் காட்டினார்களே, அந்த வீடியோவை அதே இடத்தில் நிறுத்திக் காட்டினார். "அதுக்கப்புறம் செப்டம்பர்லயே கட்சித் தலைவர் ஆயிட்டாரு" என்றார். வடக்கு அயர்லாந்து கத்தோலிக்கர்களுக்குக் வரவேற்பில்லாத குளிர்ந்த வீடாக இருந்தது என்று ஆஸ்லோவில் நோபல் உரையில் டிரிம்பிளே ஒப்புக்கொண்டார், உண்மைதான். என் நண்பருக்கு அது போதவில்லை.

லிஸ்பர்ன் தம்பி:
இறுதிச் சடங்கு எங்கள் ஊர் ஹார்மனி ஹில் சர்ச்சில்தான் நடந்தது. ரோடு முழுக்கப் போலீஸ். ஐஆர்ஏ பக்கத்து சின் ஃபெயின் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸே வந்திருந்தார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். விளக்குக் கம்பத்தில் என்ன கொடி, நடைபாதை ஓரக்கல்லில் என்ன வர்ணம் என்று கவனியுங்கள். ஜூலை 11 ராத்திரி பெரிய பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள், மறுநாள் புராட்டஸ்டன்ட்களின் ஊர்வலம். பல கடைகள் திறந்திருக்காது, பஸ் சுற்றிப் போகும். சாமான் முன்னாடியே வாங்கி வையுங்கள். வேலையிடத்தில் யாரிடமும் நீங்கள் எந்தப் பக்கம், புராட்டஸ்டன்டா கத்தோலிக்கரா என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட்டடவுன் நர்ஸ்:
வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே தம்பி. பெல்பாஸ்ட்வாசி, நீங்கள் சொல்வதும் நியாயம்தான். இந்தப் பெரியவரே டிரம்கிரியில் நடந்தவர். எனக்கு உறுத்துவது வேறு. கோபத்தில் பெய்ஸ்லி கட்சிக்குப் போட்டார். 2007-ல் அதே பெய்ஸ்லி, முன்பு ஐஆர்ஏவில் இருந்த மக்கின்னஸோடு ஆட்சியில் உட்கார்ந்தார். அதை எப்படித் தாங்கிக்கொண்டார் என்று கேட்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்.