புதுப்பிப்பு: ஏர்பேக் விளக்கு அணைந்தது, சென்சார் மாற்றவில்லை

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் காரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேங்குது, சென்சாரும் கண்ட்ரோல் யூனிட்டும் மாற்ற 40,000 ரூபாய் கேட்கிறாங்கன்னு எழுதியிருந்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரைச் சுத்தம் செய்தும் பலனில்லை. "புளியரை எஸ் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹாரன் விட்டு விட்டு அடிக்குதா? அப்போ கிளாக் ஸ்பிரிங்தான்" என்று இங்கே பதில் எழுதிய புனலூர் அண்ணாச்சி சொன்னாரே, அதுவேதான்! (ஸ்டீயரிங் திரும்பினாலும் ஏர்பேக், ஹாரன் இணைப்பு அறாமல் வைத்திருக்கும் சுருள் கேபிள்தான் கிளாக் ஸ்பிரிங்.)

செங்கோட்டை மெக்கானிக் ஸ்கேனர் போட்டார்; டிரைவர் ஏர்பேக் சர்க்யூட் கோளாறு என்று வந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சிறிது நேரம் பொறுத்துத்தான் ஸ்டீயரிங்கில் கை வைத்தார். கட்டாயம் அப்படித்தான் செய்யணும், இல்லாட்டி ஏர்பேக் வெடித்துவிடலாம். கிளாக் ஸ்பிரிங்குக்குள்ளே சுருண்டிருந்த ரிப்பன் கேபிள் ஒரு மடிப்பில் விரிசல் விட்டிருந்தது. கூலியோடு 6,500 ரூபாய்.

எதிர்பாராதது: புதுசு மாட்டியும் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்ததும் அணைந்தது. ஹாரனும் சரி.