வெல்டிங் கண்ணாடி, சூரியன் பார்க்கும் கண்ணாடி: எதை நம்பி வாங்குவது?

கிரில் பட்டறை, திண்டுக்கல்

வணக்கம். சின்ன கிரில் பட்டறை வைத்திருக்கிறேன், நானும் இரண்டு பையன்களும். போன வாரம் ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு ஆட்டோ டார்க் ஹெல்மெட், அதாவது வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானே இருளும் ஹெல்மெட், ஒரு பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க கேட் வேலை, 3.15 எம்எம் ராடு, 110 ஆம்பியர் பக்கம். ராத்திரி ஒரு மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது அண்ணே என்று அழுகிறான், தண்ணீராகக் கொட்டுகிறது, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது, ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. ஹெல்மெட்டில் சிஇ என்று ஐரோப்பிய முத்திரை போல ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. மகள் எட்டாவது படிக்கிறாள், சூரியனைப் பார்க்கக் கண்ணாடி கேட்கிறாள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை நாங்கள் பட்டறைக் கண்ணாடியில்தான் பார்த்தோம். அதை எடுத்துப் பார்த்தால் கறுப்பு நம்பர் 11 என்று அச்சிருக்கிறது. போதுமா?

ராடு பிடித்த கை, திருச்சி

தம்பி, முதலில் பையனைக் கேளுங்கள்: டேக் அடிக்கும்போது, அதாவது துண்டுகளைச் சேர்த்து நிறுத்தச் சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டிங் வைக்கும்போது, ஹெல்மெட்டை இறக்கினானா, பக்கத்தில் வேறு யாராவது ஆர்க் போட்டார்களா? பல பேருக்குக் கண் வலி வருவது பக்கத்து ஆர்க்கில்தான், அதுவும் உடனே தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வலி எடுக்கும்.

தரமான ஆட்டோ ஹெல்மெட்டில் கண்ணாடி இருண்டாலும் இருளாவிட்டாலும் புற ஊதாக் கதிரை வடிகட்டி எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால்கூட கண் கூசும், அவ்வளவுதான். ஆகவே ஹெல்மெட்டை இறக்கியே இருந்து, வெளிச்சம் பக்கவாட்டிலும் நுழையவில்லை என்றால், அந்த வடிகட்டியே சரியில்லை. அதைத் தூக்கிப் போடுங்கள்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் பார்க்காதீர்கள், கேட்ரிட்ஜை, அதாவது தானே இருளும் அந்தக் கண்ணாடிப் பெட்டியை, கழற்றிப் பாருங்கள். 4/9-13, தயாரிப்பாளரின் குறியீடு, 1/1/1/2 போலத் தர எண்கள், கடைசியில் 379 என்று வரிசையாகப் பொறித்திருக்கும். அது இஎன் 379 என்ற ஐரோப்பியத் தரம். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி என்றால் கறுப்பு நம்பர் (நம்பர் கூடக் கூட இருட்டு கூடும்) கண்ணாடியிலேயே இருக்க வேண்டும், மேலே ஒட்டிய காகிதத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் கவசத்துக்கு நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 1179. உங்கள் 110 ஆம்பியருக்கு 10ஆம் நம்பர், 160ஐத் தாண்டினால் 11, 12. கேஸ் கட்டிங்குக்கு 5 போதும், அந்த கேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்க் அடிக்க விடவே கூடாது. அப்புறம் ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் ஒரு வெள்ளை பாலிகார்பனேட் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கசடு தட்டும்போது தெறிப்பதற்கும் ஆகும், பக்கத்து ஆர்க்குக்கும் ஆகும்.

மொட்டைமாடி, கோவை

சார், சூரியனுக்கு 11 போதாது. 12க்குக் கீழே வேண்டாம், 13 கண்ணுக்கு இதமாக இருக்கும், 14 கொஞ்சம் மங்கல். ஒன்றிரண்டு நம்பரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும், ஆனால் 10ஆம் நம்பர் 12ஐப் போல ஏழு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆட்டோ ஹெல்மெட்டில் சூரியனைப் பார்க்கவே வேண்டாம்.

கிரகணம் பார்க்க விற்கும் அட்டைக் கண்ணாடி என்றால் ஐஎஸ்ஓ 12312-2 தரம். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதுதான் தொல்லை. 2017 அமெரிக்க கிரகணத்துக்கு முன்னால் அமேசானே, தரம் உறுதியாகாத கண்ணாடிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பெயர் தெரியாத ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்காமல் கோளரங்கத்திலோ அறிவியல் இயக்கத்தாரிடமோ கேளுங்கள். போட்டுப் பார்த்தால் வீட்டுக்குள் ஒன்றுமே தெரியக் கூடாது, ட்யூப் லைட், சாமான், ஜன்னல் தெரிந்தால் அது போலி. ஆனால் இருட்டாக இருப்பதால் மட்டும் நல்லது என்றும் ஆகாது, அகச்சிவப்பு கசிவதை நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கீறலோ ஓட்டையோ இருந்தால் வெட்டிப் போடுங்கள். நல்ல அட்டைக் கண்ணாடியாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் சூரியனைப் பார்க்க விடாதீர்கள்.

கண் பரிசோதகர், மதுரை

ஒரு விஷயம் மட்டும். ஆர்க் பட்டால் கருவிழி எரியும், வலிக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறும். சூரியனால் விழித்திரை வெந்தால் வலியே இருக்காது, நடுப்பார்வையில் ஒரு புள்ளி விழும், அது ஆறாமலே போகலாம். குழந்தைக்கு வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆர்க் பட்ட கண்ணில் உருளைக்கிழங்கு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை வாங்கி வைத்து வீட்டில் திரும்பத் திரும்ப விடுவதும் ஆபத்து, புண் ஆறாது.

கிரில் பட்டறை, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. பையன் டேக் அடிக்கும்போது இறக்காமல்தான் இருந்திருக்கிறான், கேட்டதும் ஒத்துக்கொண்டான். ஆனாலும் அந்த ஹெல்மெட்டை ஒதுக்கிவிட்டேன், கேட்ரிட்ஜில் ஒரு எழுத்துகூட இல்லை. கடையில் மூன்று கறுப்புக் கண்ணாடி காட்டினார்கள், ஒன்றில்தான் நம்பர் பொறித்திருந்தது. 10இல் இரண்டு வாங்கி பில் போட்டு வந்தேன், 13 வரவழைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்கள்.

அதுவரைக்கும் மகளுக்குப் பட்டறைத் தகரக் கூரையில் இருக்கும் ஆணி ஓட்டையைக் காட்டினேன். தரையில் வெள்ளைத் தாளை விரித்தால் மூன்றரை சென்டிமீட்டர் அளவில் வட்டமாகச் சூரியன் விழுகிறது. 2019இல் அதே தரையில் அது வளையம் வளையமாக விழுந்தது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.