412க்கு முந்தைய லாகுகளை அழித்த இரவு

எங்கள் தலைமை அலுவலகத்தில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் முதன்மை சர்வர். 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிளையில் அதன் பிரதி, அதாவது முதன்மையின் மாற்றங்களை வாங்கித் தன்னிடமும் ஏற்றிக்கொள்ளும் இன்னொரு சர்வர். இடையே 20 எம்பிபிஎஸ் இணைப்பு. ஒரு சனிக்கிழமை இரவு முதன்மை சர்வரின் டிஸ்க் 96 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அடைத்துக்கொண்டிருந்தவை பைனரி லாக் கோப்புகள்: தரவில் நடக்கும் மாற்றங்களை வரிசை எண்ணிட்டு எழுதி வைப்பவை, பிரதி படிப்பதும் இவற்றைத்தான். ஒவ்வொன்றும் ஒரு ஜிபி.

அவற்றைக் கையால் அழித்தால் அவற்றின் பட்டியலான இண்டெக்ஸ் கோப்பில் பெயர் மட்டும் நின்றுவிடும், பழைய லாகுகளை நீக்கும் பர்ஜ் கட்டளைதான் சரியான வழி என்பது எனக்குத் தெரியும். பிரதியின் நிலையையும் பார்த்தேன். 412ஆம் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தையவற்றை பர்ஜ் செய்தேன். டிஸ்க் 71க்கு இறங்கியது. நிம்மதியாகப் படுத்தேன்.

பிரதியில் இரண்டு த்ரெட்கள், அதாவது தனித்தனியே ஓடும் இரண்டு பணிகள், வேலை செய்கின்றன. ஒன்று லாகை இழுத்து, பிரதியிலேயே இருக்கும் ரிலே லாக் என்ற கோப்பில் எழுதி வைக்கும். மற்றொன்று அதைப் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றும். இழுப்பது 412க்கு வந்திருந்தது. ஏற்றுவதோ 397இலேயே திணறிக்கொண்டிருந்தது. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு) இல்லாத பெரிய டேபிள் ஒன்றில் அன்று மாலை யாரோ மொத்தமாக அப்டேட் ஓட்டியிருக்கிறார்கள். மாறிய வரிசைகளையே அனுப்பும் ரோ முறையில் பிரதியெடுக்கும்போது அப்படிப்பட்ட டேபிளில் மாறிய வரிசைகளைத் தேடி டேபிள் முழுவதையும் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டியிருக்கும்.

அப்போதும் தப்பியிருக்கலாம், ரிலே லாகுகள் கிளையில் பத்திரமாக இருந்தன. ஆனால் விடியற்காலையில் அங்கே மின்சாரம் போய் சர்வர் மறுபடி எழுந்தது. ரிலே லாக் ரெகவரியை நாங்கள் இயக்கி வைத்திருந்தோம். நல்ல ஏற்பாடுதான்: கையிலுள்ள ரிலே லாகை நம்பாமல் ஒதுக்கிவிட்டு, கடைசியாக ஏற்றிய இடத்திலிருந்து மீண்டும் இழுக்கும். ஆகவே பிரதி 397ஐக் கேட்டது. முதன்மையில் அது இல்லை. கேட்ட லாக் கிடைக்கவில்லை என்று திரையில் 1236 என்ற பிழை எண்.

இனி பிரதியை முழுதாகப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். தரவு 180 ஜிபி. இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 20 மணி நேரம். ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துத் துண்டில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நகல் எடுத்த நேரத்திலிருந்து சேரும் லாகுகளில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்று எழுதி, சர்வர் அறைக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

*

ஐயா, உங்கள் சனிக்கிழமை இரவுக் கதையைப் படித்தேன். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்திருந்தோம். பிரதி வாங்கிக்கொள்ளும்வரை எந்த லாகையும் அது கைவிடாது. தொலைவிலிருந்த ஒரு பிரதியை நிரந்தரமாக நிறுத்திவிட்டோம். அதன் ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டோம். வராத பிரதிக்காக 16 எம்பி லாக் கோப்புகள் வாரக்கணக்கில் குவிந்து, டிஸ்க் நிறைந்து, முதன்மை சர்வரே நின்றுபோனது. ஸ்லாட்டை நீக்கி, மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் செக்பாயின்ட் முடிந்ததும் இடம் திரும்பியது. இப்போது ஸ்லாட் பிடித்து வைக்கும் லாகின் அளவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறோம். 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் அந்த வசதி இருக்கிறது. வரம்பைத் தாண்டிப் பின்தங்கிய பிரதியைப் புதிதாகக் கட்டவேண்டி வரலாம். அது பரவாயில்லை. முதன்மை சர்வர் நின்றபோது கவுன்டர் முன்னால் மக்கள் காத்து நிற்பதைப் பார்த்தவன் நான்.

இதே கோப்புகள் கிடக்கும் டைரக்டரியின் பழைய பெயரில் 'லாக்' என்ற சொல் இருந்ததால், வெறும் செய்திப் பதிவு என்று எண்ணி அதை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் உண்டு. 2017இல் 10ஆம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள்.

*

இப்போது லாகுகளை எப்படி அழிக்கிறீர்கள் என்று என் கதையைப் படித்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மைஎஸ்க்யூஎல் 8.0இல் லாகின் ஆயுள் இயல்பாக 30 நாள். எங்கள் டிஸ்குக்கு அது தாங்காது, 7 நாளாக்கியிருக்கிறோம். அவசரத்தில் பர்ஜ் செய்ய நேர்ந்தால் பிரதியின் நிலையில் Relay_Source_Log_File (பழைய பெயர் Relay_Master_Log_File) என்ற இடத்திலுள்ள கோப்புப் பெயரைத்தான் பார்ப்பேன். ஏற்றி முடித்த இடம் அதுதான். அதிலும் இரண்டு கோப்புகளைக் கூடுதலாக விட்டுவைப்பேன். பிரதி இணைப்பில் இல்லையென்றால் பர்ஜ் செய்யவே மாட்டேன்: இணைந்து படித்துக்கொண்டிருக்கும் கோப்பை மைஎஸ்க்யூஎல் அழிக்காமல் காக்கும், துண்டித்து நிற்கும் பிரதிக்கு அந்தக் காவல் கிடையாது. கிளைக்கு யூபிஎஸ் வாங்கிவிட்டோம். அந்த டேபிளுக்கு பிரைமரி கீயும் வந்துவிட்டது.