அயர்லாந்து கிராமங்களில் உள்ளாட்சிக் கவுன்சிலோடு நமக்கு நேர்ந்தவை: அனுபவங்களை எழுதுங்கள்

மேற்குக்கரை நர்ஸ்:

மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் சந்து கவுன்சில் சாலை கிடையாது, போரீன். நடுவில் புல், இரண்டு பக்கமும் குழி, மொத்தம் ஏழு வீடு. நைட் டியூட்டி முடிந்து திரும்பும்போது கார் அடிப்பாகம் கல்லில் உரசினால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்படிக் கவுன்சில் பொறுப்பில் இல்லாத வழிகளைச் சரிசெய்ய அரசு பணம் தரும் லோக்கல் இம்ப்ரூவ்மென்ட் ஸ்கீமுக்கு ஏழு வீடும் சேர்ந்து விண்ணப்பம் போட்டோம். கணக்கு இதுதான்: ஐந்து வீடு வரை என்றால் செலவில் 10 சதவீதம், ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 15 சதவீதம் நாம் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு 1,200 யூரோவைத் தாண்டாது.

இன்ஜினியர் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே கடைசி வீடு வரை வந்தார். அப்புறம்தான் கேட்டார், "இந்த வழியில் விவசாயம் செய்கிறவர்கள் எத்தனை பேர்?" வெறும் வீடுகள் இருந்தால் போதாது, குறைந்தது இரண்டு பேருடைய விவசாய நிலத்துக்கு அந்த வழி போக வேண்டும். ஒருவர் சந்து முனையில் மாடு வைத்திருக்கிறார், அதில் பிரச்சினை இல்லை. இரண்டாவது ஆள் கடைசி வீட்டுப் பெரியவர். மனைவி இறந்த குளிர்காலத்திலேயே மாடுகளை விற்றுவிட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

பெரியவர் கைத்தடியோடு வெளியே வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இன்ஜினியரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய சைலேஜ் (தீவனத்துக்குப் பதப்படுத்திய புல்) உருண்டைகள், பதினொன்று. "மாடுதான் போச்சு, நிலம் போகல. இது இந்த வருஷம் வெட்டுனது" என்றார். இன்ஜினியர் தாளில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியவர் மட்டும் ஒரு உருண்டை மேல் கையை ஊன்றியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எண்பது தாண்டிய மனிதர் தான் விவசாயிதான் என்று இன்னொருவருக்குக் காட்ட வேண்டி வந்ததே, அதுவும் என் கார் உரசாமல் போவதற்காக.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மாடவிளக்கு:

எனக்கு நவம்பர் பட்ஜெட் கூட்டம். ஊர் நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நானும் பள்ளியில் பழக்கமான இரண்டு அம்மாக்களும் பார்வையாளர் பகுதியில் போய் உட்கார்ந்தோம். வரைவு பட்ஜெட்டைத் தயாரிப்பது தலைமை நிர்வாகி. நிறைவேற்றுவதுதான் கவுன்சிலர்கள் வேலை. நிறைவேற்றாமல் விட்டால் அமைச்சர் கவுன்சிலையே கலைக்கலாம். ஆகவே கூட்டம் சூடாக இருந்தாலும் முடிவு ஓரளவு தெரிந்ததுதான்.

பெயர் சொல்லி வாக்கெடுப்பு. பள்ளி வாசலில் எங்களுக்கு உறுதிமொழி கொடுத்த எங்கள் பகுதிக் கவுன்சிலர், தாளைப் பார்த்தபடியே "ஆதரவு" என்றார். கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது அவரே எங்களிடம் வந்தார். திட்டலாம் என்று இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "உங்களை நான் செப்டம்பரில் எதிர்பார்த்தேன்."

அப்போது புரியவில்லை, வீட்டுக்கு வந்து நிகழ்ச்சிக் குறிப்புகளைத் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. வீட்டுச் சொத்து வரியை அடிப்படை விகிதத்திலிருந்து (அப்போதைய விதிப்படி 15 சதவீதம் வரை) கூட்டலாமா குறைக்கலாமா என்று கவுன்சிலர்கள் முடிவு செய்வது இலையுதிர் காலத் தொடக்கத்தில். எங்கள் கவுன்சில் அன்று கூட்டவில்லை. எங்கள் ஆள் கூட்டச் சொல்லிப் பேசித் தோற்றிருக்கிறார். நூலகத்துக்கான பணம் அன்றே போய்விட்டது. நவம்பரில் நாங்கள் பார்த்தது மிச்சத்தைப் பங்கு போட்டதைத்தான். செப்டம்பர் கூட்டத்தில் பார்வையாளர் பகுதி காலி.

வல்லைவெளி:

மாடவிளக்கு அண்ணை, வரியைக் கூட்டியிருந்தால் நூலகம் தப்பியிருக்கும் என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கட வீட்டில் தண்ணீர் சொந்தக் கிணறு, பம்ப் பழுதானால் என்ர காசு. கழிவுக்குச் சொந்தத் தொட்டி, இறைக்கிற லொறிக்கும் என்ர காசு. தெருவிளக்கு கிடையாது, நடைபாதை கிடையாது. நகரத்தில் இருக்கிறவன் கட்டுகிற அதே வரியை நானும் கட்டுகிறேன். இதற்கு மேல் 15 சதவீதம் என்றால் எதற்கு? அதோட, ஆள் குறைந்த கவுண்டியில் (மாவட்டத்தில்) வரியைக் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் சேராது. லீட்ரிமைப் பாருங்கோ, 2022 கணக்கெடுப்பில் மொத்தமே 35,199 பேர். எத்தனை வீடு இருக்கும், அதன் விலைதான் என்ன? கடைகளும் தொழிற்சாலைகளும் கட்டுகிற ரேட்ஸ், டப்ளினில் இருந்து வருகிற மானியம், இந்த இரண்டிலும்தான் கிராமப்புறக் கவுன்சில் ஓடுது. சண்டை பிடிக்கிறதென்றால் டப்ளினோடு பிடிக்க வேணும், பக்கத்து வீட்டுக்காரன்ர பொக்கற்றோட இல்லை.

சரி, என்ர கதை சின்னது. பக்கத்துக் கல்குவாரியை விரிவாக்க விண்ணப்பம். அறிவிப்புத் தாள் வாசல் கேற்றில் கட்டியிருந்தது, முன்னால் ஒரு ட்ரெய்லர். மழையில் நின்று, ட்ரெய்லருக்கும் வேலிக்கும் இடையில் தலையை விட்டு வாசித்தேன். ஐந்து கிழமைக்குள்ளே 20 யூரோ கட்டி ஆட்சேபம் எழுதினேன். என்னை விட நல்லாக் கதைக்கத் தெரிந்த அயலவர் ஒருவர், "அனுமதி கிடைத்தால் அப்பீல் செய்வோம்" என்று இருந்துவிட்டார். அனுமதி கிடைத்தது. அப்பீல் செய்ய நாலு கிழமை, 220 யூரோ. ஆனால் முதலே ஆட்சேபம் எழுதினவருக்குத்தான் அந்த உரிமை. கவுன்சில் அனுப்பின ரசீதை நான் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். அவர் வந்து அந்த ரசீதைப் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றார்.

கதிரறுப்பு:

வீடு கட்ட நிலம் பார்த்தோம், அரை ஏக்கர், விற்பவரும் சம்மதம். நானும் மனைவியும் பக்கத்து நகர மருத்துவமனையில் வேலை. விண்ணப்பத்துக்கு முன் பிளானிங் அதிகாரியைச் சந்திக்க நேரம் வாங்கினோம். பள்ளி விடுமுறை, பையனையும் கூட்டிப் போயிருந்தோம்.

அவர் வரைபடத்தை விரித்தார். மரியாதையானவர், அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த இடம் நகரத்தின் தாக்கம் அதிகமுள்ள பகுதிக்குள் வருகிறது, அங்கே வீடு கட்ட உள்ளூர்த் தேவையை நிரூபிக்க வேண்டும் என்று விளக்கினார். உங்கள் பெற்றோர் நிலம் இந்தப் பகுதியில் உண்டா? இங்கே விவசாயம் செய்கிறீர்களா? எந்தத் தொடக்கப் பள்ளியில் படித்தீர்கள்?

நான் பதில் சொல்வதற்குள் என் பையன் பள்ளியின் பெயரைச் சொன்னான். அவன் படிக்கிற பள்ளி, அந்த நிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். ஒன்பது வயது. கேள்வி தன்னிடம்தான் என்று நினைத்துவிட்டான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "நீ பெரியவனாகி விண்ணப்பம் போடு, உனக்கு வாய்ப்பு இருக்கு" என்றார்.

காருக்கு வரும் வரை மனைவி எதுவும் பேசவில்லை. நாங்கள் விண்ணப்பிக்கவும் இல்லை.

கோடைமழை:

கதிரறுப்பு அண்ணா, படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் இதை வெளிநாட்டுக்காரர் என்பதற்காக வைத்த கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டப்ளினில் பிறந்து வளர்ந்த ஐரிஷ்காரருக்கும் இதே கேள்விதான். 2005-இல் வந்த கிராமப்புற வீட்டு வழிகாட்டுதலை வைத்து ஒவ்வொரு கவுண்டியும் தன் வளர்ச்சித் திட்டத்தில் இந்த விதியை எழுதிக்கொண்டது. 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதி வழக்கில் இதைப் போன்ற ஒரு விதிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் இங்கே கேள்வி நிற்கவில்லை. வளர்ச்சித் திட்டத்தை ஏற்று வாக்களித்தவர்கள் கவுன்சிலர்கள், அந்த அதிகாரி அதைப் படித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் நிலத்தைத் தேடாதீர்கள், ஆளில்லாத வீட்டைத் தேடுங்கள். ஏற்கெனவே வீடாக இருப்பதைச் சரிசெய்து குடிபோக இந்த உள்ளூர்த் தேவைக் கேள்வி வராது. காலி வீட்டைப் புதுப்பிக்க அரசு தரும் மானியம் ஒன்று உண்டு, 2022 ஜூலையில் தொடங்கியது, 2023 மே முதல் 50,000 யூரோ வரை. இடிந்துபோகும் நிலையில் இருந்தால் 70,000 வரை. வீடு 2008-க்கு முன் கட்டியதாக, இரண்டு வருஷமாவது காலியாக இருந்ததாக இருக்க வேண்டும். கவுன்சில் ஆள் வந்து பார்த்து ஒப்புதல் கடிதம் தரும்வரை ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் அவசரப்பட்டுக் கூரையைப் பிரித்தார், அந்தக் கூரைக்கு உரிய பணம் போனது. வேலை முடிந்த பின்தான் பணம் வரும், ஆகவே வங்கியிடமோ கிரெடிட் யூனியனிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். ஐந்து வருஷத்துக்குள் விற்றால் முழுத்தொகையையும், ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் விற்றால் 75 சதவீதத்தையும் திருப்பித் தர வேண்டும். பின்பக்கம் பெரிதாக நீட்டிக் கட்டுவதென்றால் பிளானிங் அனுமதி தனியாக வேண்டியிருக்கும். கழிவுத் தொட்டியை வாங்குவதற்கு முன்பே ஆள் வைத்துத் திறந்து பாருங்கள், தயவுசெய்து.

எங்கள் கதை: வீடு காலியாக இருந்தது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, மின்சாரம் துண்டித்தபோது வந்த கடிதத்தைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் எட்டு வருஷமாக வைத்திருந்தார். இறந்துபோன தோழியின் பெயர் அதில் இருந்ததாம், தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அந்தத் தாள்தான் எங்களுக்கு வீடு வாங்கித் தந்தது.

அரசமரத்தடி:

"வேலை முடிந்த பின்தான் பணம்" என்று கோடைமழை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊர் சமூகக் கூடத்தைக் கேளுங்கள்.

சமையலறை புதுப்பிக்க லீடர் (கிராம வளர்ச்சிக்கான ஐரோப்பிய ஒன்றியத் திட்டம்) மானியம், 75 சதவீதம். மொத்தம் 80,000, அவர்கள் 60,000, நாங்கள் 20,000. அந்த 20,000-ஐ இரண்டு வருஷம் கேக் விற்று, நான் மூன்று தடவை பிரியாணி போட்டு, சேர்த்துவிட்டோம். ஆனால் 80,000-ஐயும் முதலில் நாங்கள் செலவழித்துக் காட்ட வேண்டும். அதாவது 60,000 கடன். கையெழுத்துப் போட்டவர் கமிட்டிப் பொருளாளர், ஓய்வுபெற்ற டீச்சர். அவர் வீட்டு மேஜையில் டீக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போட்டார். போடும்போது கேட்டார், "பணம் வருவதற்குள் நான் போய்விட்டால் இது யார் தலையில் விழும்?" நாங்கள் ஆறு பேர் இருந்தோம். யாரிடமும் பதில் இல்லை.

வேலை முடிந்தது. மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றில் தேதி இல்லை. அதுவும் நாங்கள் தேர்ந்தெடுக்காத ஆள் கொடுத்த விலைப்புள்ளி. விளக்கம், மறுபடி விளக்கம், ஏழு மாதம், வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பணம் வந்தது, சமையலறை அருமையாக இருக்கிறது. டீச்சர் அடுத்த வருஷம் கமிட்டிக்கு நிற்கவில்லை. கூடத்துக்கு வருகிறார், சமையலறைப் பக்கம் மட்டும் போவதில்லை. லட்சக்கணக்கில் கம்பெனி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டிய காகிதத்தை எழுபது வயது தன்னார்வலரிடம் கேட்கிறார்கள். இதை யாராவது மாற்ற வேண்டும்.

சங்குப்பூ:

மாடவிளக்கு, வல்லைவெளி இரண்டு பேருக்கும் ஒன்று கேட்கிறேன், ஓட்டுப் போட்டீர்களா? நான் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, ஒர்க் பெர்மிட். 2024 தேர்தலுக்கு ஒரு அம்மா கதவைத் தட்டினார். "எனக்கு ஓட்டு இல்லை, நான் இந்தியன்" என்று கதவை மூடப் போனேன். "உள்ளாட்சிக்கு உண்டு, இங்கே குடியிருந்தால் போதும்" என்று சொல்லி அவரே பதிவு செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

ஜூன் 7. தொடக்கப் பள்ளிதான் வாக்குச் சாவடி. பிள்ளைகள் கோட் மாட்டும் கொக்கிகள் என் இடுப்பு உயரத்தில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். வாக்குச் சீட்டில் வேட்பாளர்களின் போட்டோ. சின்னம் தேடிப் பழகிய கண்ணுக்கு எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. இங்கே விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும், அந்த அம்மாவுக்கு 1 போட்டேன். 2, 3 என்று எழுதும்போது கை நடுங்கியது. பதினொரு வருஷமாக இங்கே வரி கட்டுகிறேன். அதற்கு முந்தைய 2019 தேர்தலிலும் எனக்கு ஓட்டு இருந்திருக்கிறது, அன்று நான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வல்லைவெளி:

சங்குப்பூ தம்பி, நான் போட்டனான். 1 முதல் 8 வரைக்கும். வரியைக் கூட்டுவன் என்றவருக்கு 8.

மாடவிளக்கு:

நான் போடவில்லை. உரிமை இருப்பதே தெரியாது. இந்த செப்டம்பரில் போய் உட்காரப் போகிறேன். அம்மாக்கள் இரண்டு பேரும் வருகிறார்கள், கவுன்சிலருக்கும் சொல்லியாகிவிட்டது.

மேற்குக்கரை நர்ஸ்:

தனிச் செய்தியில் மூன்று பேர் கேட்டீர்கள், சாலை வந்ததா என்று. வந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் தார் போட்டார்கள். மொத்தம் 49,000, அதில் எங்கள் பங்கு 7,350, வீட்டுக்கு 1,050. பணத்தை வசூல் செய்தது நான்தான். எல்லோரும் வங்கி மூலம் அனுப்பினார்கள். பெரியவர் மட்டும் நேரில் வந்து நோட்டாகக் கொடுத்தார், எண்ணிப் பார் என்று வாசலிலேயே நின்றார். பணம் வைத்திருந்த உறையில் கால்நடைச் சந்தையின் முத்திரை இருந்தது, மாடு விற்ற அன்று கொடுத்த உறை.